ஓர் ஏரியலும் பல அலைப்பட்டைகளும்

வீட்டு வளவில் ஏரியல் கட்டுபவனுக்கு இடமுண்டு, மரமுண்டு. வேண்டிய நீளத்துக்குக் கம்பியை இழுத்துக்கொள்ளலாம். மோட்டார் வண்டியில் வானொலிக் கருவியைப் பூட்டி, வழிச்செல்லும்போதே செய்தி அனுப்பவும் பெறவும் விரும்புபவனுக்கோ இரண்டரை மீற்றருக்கு மேற்பட்ட கோலொன்றை நிறுத்துதலே அரிது. வீதியோரத்து மாமரக் கிளையும், தாழ்ந்து தொங்கும் கம்பியும், வீட்டு வாயில் வளைவும் அவனை மட்டுப்படுத்துகின்றன. இத்துணைச் சிறிய கோலைக்கொண்டு ஓர் அலைப்பட்டையிற் செவ்வனே பேசுவதே கடினமாயிருக்க, இரண்டு, மூன்று, சிலவேளை எட்டுப் பட்டைகளிலும் பேசவேண்டும் என்னும் ஆசையை இக்காலத்துக் கருவிகள் எழுப்பிவிட்டன. பொத்தானொன்றை அழுத்தியதும் 1.8 மெகாஹேர்ட்ஸிலிருந்து 430 மெகாஹேர்ட்ஸுக்குத் தாவவல்ல கருவிகள் இன்று கையடக்கமான பெட்டிகளில் வருகின்றன. ஏரியலோ அவ்வாறு தாவுவதில்லை. கருவியை ஆக்குவோன் எத்துணைத் திறமையுடையவனாயினும், ஏரியல் அலைநீளம் என்னும் அளவுகோலுக்குக் கட்டுப்பட்டே நிற்கின்றது. 'எல்லாப் பட்டைகளுக்கும் இஃதொன்றே போதும்' என விற்கப்படுவனவற்றுள் எதனைத் தெரிவது என்பதைப் பௌதிகவியல் நோக்கிற் சிறிது ஆராய்வாம்.

ஏரியல் என்னும் சொல்லையே ஈண்டு ஆளுகின்றேன். அலைவாங்கி என்று எழுதுவாரும் உளர். ஆயின், செய்தியைச் செலுத்துங்காலும் அக்கோலே தொழில் புரிவதால் 'வாங்கி' என்பது பாதியுண்மையேயாகும். மேலும், செய்தியைப் பெறுதற்கு எவ்வகைக் கம்பியும் ஓரளவு உதவும். ஏரியலின் குணங்குற்றம் வெளிப்படுவது செலுத்தும்போதே. இலங்கையில் இவ்வாறு செலுத்துவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதையும் மாணவர் மனத்திற் கொள்வாராக. இந்நாட்டு அமெச்சூர் வானொலியாளரின் அழைப்புக்குறிகள் பெரும்பாலும் '4எஸ்7' எனத் தொடங்கும்.

மீடிறனை மெகாஹேர்ட்ஸிற் கொண்டு 300 ஐ அதனால் வகுத்தால் அலைநீளம் மீற்றரில் வரும். வண்டியில் நிறுத்தும் கோல் இயல்பாகப் பரிவுறுவதற்கு அவ்வலைநீளத்தின் காற்பங்கு நீளமுடையதாதல் வேண்டும். மற்றைப் பாதியின் தொழிலை வண்டியின் உலோகவுடல் செய்கின்றது. 145 மெகாஹேர்ட்ஸுக்கு இந்நீளம் ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர். 435 மெகாஹேர்ட்ஸுக்கு 17 சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. 28 மெகாஹேர்ட்ஸுக்கு இரண்டரை மீற்றர். 14 மெகாஹேர்ட்ஸுக்கு ஐந்து மீற்றருக்கு மேல். 7 மெகாஹேர்ட்ஸுக்குப் பத்தரை மீற்றர். அதாவது நன்கு வளர்ந்த தென்னை ஒன்றின் உயரம். இவ்வெண்களைக் கண்டவளவிலேயே எங்கே எளிது, எங்கே அரிது என்பது புலனாகும்.

எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். 145, 435 ஆகிய இரண்டையும் நோக்குக: பின்னையது முன்னையதன் சரியான மும்மடங்கு. காற்பங்கு நீளத்திற் பரிவுறும் கோல், மும்மடங்கு மீடிறனில் முக்காற்பங்கு நீளமுடையதாய் மீண்டும் பரிவுறும். ஆகவே 50 சென்ரிமீற்றர்க் கோலொன்று யாதொரு சூழ்ச்சியுமின்றி இரு பட்டைகளிலும் கருவியோடு இணங்கும். ஒரு குறை மட்டும் உண்டு. முக்கால் அலைநீளக் கோலில் வலுவின் கணிசமான பகுதி தொடுவானை நோக்கிச் செல்லாது வானத்தை நோக்கி மேலெழுந்துவிடும். வண்டியில் இருப்போனுக்கு வேண்டியது தொடுவானேயன்றிக் காகங்களல்ல. இதனைத் திருத்தவே கடைகளில் விற்கப்படும் இருபட்டைக் கோல்களின் நடுவிற் சிறு சுருளொன்று வைக்கப்பட்டுள்ளது. கோலின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் 435 இல் ஒருமித்து அலைவீசுமாறு அது கட்டத்தைச் சரிசெய்கின்றது. ஒரு மீற்றர் நீளமான நல்ல கோலொன்று இவ்விரு பட்டைகளையும் ஏறக்குறைய இழப்பின்றி ஆளும். ஈண்டுப் 'பல பட்டைக்கு ஒன்று' என்னும் விளம்பரம் மெய்யே. இவ்விடயத்தில் நீண்ட ஆலோசனை வேண்டியதில்லை. கோலைக் கூரையின் நடுவிற் பூட்டுதலே முக்கியம்.

சிற்றலைக்கு, அதாவது 3 மெகாஹேர்ட்ஸ் முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதிக்கு வரும்போதே இடர் தொடங்குகின்றது. இதனை விட்டுவிடலாகாதோ என ஒருவர் வினவலாம். நம் தீவின் நிலம் அதற்கு இடந்தருவதில்லை. 145 மெகாஹேர்ட்ஸ் அலைகள் பெரும்பாலும் கண்பார்வை செல்லும் வழியே செல்வன. சமதரையில் வண்டிக்கு வண்டி பேசினாற் பத்து, இருபது கிலோமீற்றரோடு அவை தளர்ந்துவிடும். மலையுச்சியில் மீள்பரப்பும் நிலையமொன்று இருந்து, அதற்கு மின்சாரமும் இருந்தாலன்றித் தூரம் போகா. இலங்கையோ பருத்தித்துறை முதல் தேவேந்திரமுனை வரை ஏறத்தாழ 430 கிலோமீற்றர் நீளமுடையது. இடையில் மலைநாடு கிடக்கின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு நேர்கோட்டில் 300 கிலோமீற்றர் அளவு உண்டு. இத்தூரத்தைப் பகற்காலத்தில் இடைநிலையம் எதனது துணையுமின்றிக் கடக்கவல்லது 7 மெகாஹேர்ட்ஸ் பட்டை. அதன் அலை மேலே சென்று அயன்மண்டலத்தில் முறிந்து, குடைபோல நாட்டின்மீது இறங்குகின்றது. இரவில் 3.5 மெகாஹேர்ட்ஸ் அத்தொழிலை ஏற்கின்றது. 14 மெகாஹேர்ட்ஸும் அதற்கு மேற்பட்டனவும் கடல்கடந்த நாடுகளோடு பேச உதவுமேயன்றி அயல் மாவட்டத்தோடு பேசப் பெரிதும் உதவா. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, கொழும்பிலிருந்து சென்ற அமெச்சூர் வானொலியாளர் அம்பாந்தோட்டையிலிருந்து சிற்றலையிலேயே செய்திகளை அனுப்பினர். இவ்வுண்மை, எப்பட்டை எதற்கு என்பதை ஏரியலைத் தெரிவதற்கு முன்னரே தெரிதல் வேண்டும் என்பதையுங் காட்டும். எட்டுப் பட்டைகள் வேண்டும் என்பாருட் பலருக்கு உண்மையில் வேண்டியவை இரண்டே.

இனி, பத்தரை மீற்றர் நீளமாயிருக்கவேண்டிய கோலை இரண்டரை மீற்றருக்குக் குறுக்குவது எங்ஙனம்? மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தை நோக்குக. அச்சிறிய தோலிலிருந்து தாழ்ந்த நாதத்தைப் பெறுதற்கு வித்துவான் அதன் நடுவில் மாப்பசை அப்புகின்றார். தோல் பெரிதாகவில்லை, அதன்மேற் பாரம் ஏற்றப்பட்டது, அதனால் அதிர்வு தாழ்ந்தது. கோலின் வழியிற் கம்பிச் சுருளொன்றைத் தொடுப்பதும் அத்தகைய பாரமேற்றலே. சுருளின் தூண்டுதிறன், குறுகிய கோலின் குறைபாட்டை ஈடுசெய்து அதனை 7 மெகாஹேர்ட்ஸிற் பரிவுறச் செய்கின்றது. ஆயின் உவமை இவ்விடத்தோடு நின்றுவிடும். மிருதங்கக் கலைஞர் நாதத்தைப் பெறுகின்றார்; நாம் பரிவைப் பெற்றோமேயன்றி அலைவீசலைப் பெற்றோமல்லேம். பரிவு வேறு, அலைவீசல் வேறு. இவ்வேறுபாட்டை உணராதாரே ஏரியல் வாங்கி ஏமாறுவார்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஏரியலொன்று தன்னுட் புகுந்த வலுவை அலையாக வீசும் ஆற்றலைக் கதிர்வீசல் தடை என ஓம் அளவிற் குறிப்பர். காலலைக் கோலுக்கு அது 36 ஓம் அளவினது. அடியிற் சுருள் தாங்கிய குறுங்கோலுக்கோ, கோலின் உயரத்தை அலைநீளத்தால் வகுத்து, வந்ததை வர்க்கித்து, 395 ஆற் பெருக்கினால் வருவதே அத்தடை. உயரம் 2.4 மீற்றர், மீடிறன் 7.1 மெகாஹேர்ட்ஸ் என்றாற் கிடைப்பது 1.3 ஓம். இக்கோலைப் பரிவுறச் செய்யும் சுருளுக்கு ஏறத்தாழ 900 ஓம் எதிர்ப்பு வேண்டும். நன்கு சுற்றப்பட்ட சுருளிலும் இதில் இருநூற்றிலொரு பங்கு வெறுந் தடையாய் நிற்கும், அது 4.5 ஓம். வண்டியின் உடலூடாகவும் அதன் கீழுள்ள நிலத்தூடாகவும் மின்னோட்டம் திரும்பும்போது ஏற்படும் தடையை 10 ஓம் எனக் கொள்வது மிகையன்று. மொத்தம் 15.8 ஓம். அதில் அலையாக வெளியேறுவது 1.3 ஓமுக்குரிய பங்கே. கருவி 100 உவாற்றைச் செலுத்தினால் 8 உவாற்று வானுக்குப் போகின்றது. எஞ்சிய 92 உவாற்று சுருளையும் தெருவையும் சூடாக்குகின்றது. அதே கோலை 3.6 மெகாஹேர்ட்ஸுக்குக் கொண்டுசென்றாற் கதிர்வீசல் தடை 0.33 ஓமாகச் சுருங்கும். நூறு உவாற்றில் ஒன்றரை உவாற்றளவே மிஞ்சும். 14 மெகாஹேர்ட்ஸில், நிலத்தடையை 6 ஓம் எனக் கொண்டால், ஏறத்தாழ 38 உவாற்று வெளியேறும். ஒரே கோல், ஒரே வண்டி. பட்டைக்குப் பட்டை இத்துணை வேறுபாடு! விற்போர் தரும் தாளிலோ 'யாவற்றிலும் சிறப்பாக இயங்கும்' என ஒரே வரி.

இக்கணக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. கருவியையும் ஏரியலையும் இணைக்கும் வடம் 50 ஓமுக்கென அமைந்தது. ஏரியலின் தடை அதிலிருந்து விலகினால் வலுவிற் சிறிது திரும்பிவரும். அதனை அளக்கும் மானியை நிலையலை மானி என்பர். ஒன்றுக்கு ஒன்று எனக் காட்டினாற் பொருத்தம் முழுமை. மேற்கூறிய 15.8 ஓம் ஏரியலில் அம்மானி ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று எனக் காட்டும். வாங்கியவர் முகம் வாடுவார். இப்போது அவ்வேரியலின் அடியிணைப்புத் துருப்பிடித்து, நிலத்தடை 10 இலிருந்து 44 ஓமுக்கு ஏறிவிட்டது எனக் கொள்க. மொத்தம் 50 ஓம். மானி ஒன்றுக்கு ஒன்று எனக் காட்டும், வாங்கியவர் மகிழ்வார். வெளியேறும் வலுவோ இரண்டரை உவாற்றளவுக்கு வீழ்ந்துவிட்டது. மானி பொய் கூறவில்லை. அது பொருத்தத்தை அளந்தது; நாம் அதனை வினைத்திறன் என வாசித்தோம். யாதொரு பொருத்துகருவியுமின்றிப் பல பட்டைகளிலும் இனிமையான எண்களைக் காட்டும் குறுங்கோலைக் கண்டால் முதலில் ஐயுறவே வேண்டும். அத்தகையனவற்றுட் சில, உள்ளே தடையியொன்றை ஒளித்துவைத்து அதனாலேயே அவ்விணக்கத்தைப் பெறுகின்றன. 50 ஓம் தடையியொன்றை வடத்தின் நுனியிற் கட்டினால் எல்லாப் பட்டைகளிலும் மானி ஒன்றே காட்டும். அதனை ஏரியல் என்பாரிலர்.

அளவிற் சிறிது, வினைத்திறனிற் பெரிது, பட்டையகலத்தில் விரிந்தது என்னும் மூன்றையும் ஒருங்கே பெறவியலாது என்பது தற்செயலான குறைபாடன்று. 1947 இல் வீலர் என்பாரும் 1948 இற் சூ என்பாரும் இதனைக் கணிதமுறையிற் காட்டினர். அலைநீளத்தோடு ஒப்பிட ஏரியலின் அளவு பாதியானால், இழப்பின்றிப் பெறக்கூடிய பட்டையகலத்தின் மேலெல்லை ஏறத்தாழ எட்டிலொன்றாகச் சுருங்கும். ஆகவே 7 மெகாஹேர்ட்ஸில் நன்றாக உழைக்கும் குறுங்கோல் சில பத்துக் கிலோஹேர்ட்ஸ் தூரம் நகர்ந்தவுடனேயே இசைவிழந்து நிற்கும். அது குற்றமன்று; இழப்புக் குறைந்தது என்பதற்குச் சான்று.

மூன்றையும் பெறவியலாதெனின், எதனை விட்டுக்கொடுப்பது என்பதே வினா. கடையில் உள்ள வகைகள் யாவும் இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட வெவ்வேறு விடைகளேயாம்.

பட்டைக்கொரு கோல் என வைத்துக்கொண்டு, வண்டியை நிறுத்திக் கையால் மாற்றுவது முதலாவது வகை. மலிவு, எளிமை, உறுதி. மழையில் இறங்கி மாற்றுவதே விலை. இவற்றின் சுருள்கள் ஒல்லியான கண்ணாடியிழைக் கோலில் மெல்லிய கம்பியாற் சுற்றப்படுவதாற் கீழ்ப்பட்டைகளில் இழப்பு மிகும். ஒரே தண்டின் உச்சியில் இரண்டு மூன்று சுருட்கோல்களைக் கிளைபோலப் பூட்டுவது மற்றொன்று. மாற்றவேண்டியதில்லை, ஆயின் ஒன்றைச் சரிசெய்ய மற்றது கெடும், காற்றும் அதனை விடாது அசைக்கும். வேகமாய் ஓடும் வண்டிக்கு யான் அதனைப் பரிந்துரையேன். பெருஞ்சுருளொன்றில் இடையிடையே குதைகள் விட்டு, வேண்டிய குதையிற் சிறு கம்பியைச் செருகுவது மூன்றாவது. அவுஸ்திரேலியாவின் பாலை வழிகளிற் செல்வோரிடத்து இது பெருவழக்காயிற்று. நகரிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் சென்றபின் பழுதாவதற்கு இதில் இயந்திரம் எதுவும் இல்லையாதலால் அவர்கள் தெரிவு பொருத்தமானதே.

வண்டிக்குள் இருந்தபடியே பட்டையை மாற்றவேண்டும் என்பார்க்கு மின்னியக்கியாற் சுருளை நீட்டிக் குறுக்கும் ஏரியல் உண்டு. அமெரிக்க அமெச்சூர் வானொலியாளரான டொன் ஜோன்சன் இதனைப் பரப்பினார். திருகாணி முறுக்கும் மின்கருவியின் சிறு இயக்கியை அவர் பயன்படுத்தியதால் 'ஸ்குரூடிரைவர் ஏரியல்' என்னும் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஆசனத்திலிருந்து பொத்தானை அழுத்தினாற் சுருள் வேண்டியவளவு வெளிப்படும். எஞ்சிய பகுதி உலோகக் குழாயினுள் ஒடுங்கி நிற்கும். ஒவ்வொரு மீடிறனிலும் வேண்டிய தூண்டுதிறன் மட்டுமே சுற்றில் இருப்பதால், பட்டையகலம் சுருங்கியதென்ற குறை இதிற் பெரிதாகத் தோன்றாது. பல பட்டைகளுக்கு ஒரே ஏரியல் என்னும் ஆசைக்குச் சிற்றலையில் உள்ள மிக நேர்மையான விடை இதுவே என்பது என் கருத்து. விலையும் பாரமும் மிகுதி. தொடுமுனைகளிற் புழுதியும் உப்பும் படியாமற் காத்தலும் வேண்டும். இதிலும் மலிவான குறுவடிவங்கள் உண்டு. ஒரு மீற்றர்க் கோலைப் பூட்டி 3.5 மெகாஹேர்ட்ஸுக்கு இறக்கலாம் எனின் இறக்கலாம். கேட்போர் இருப்பாரோ என்பது வேறு. கோலின் நீளம் குறைந்தாற் கதிர்வீசல் தடை அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதை எந்த இயக்கியும் மாற்றாது.

தானியங்கும் பொருத்துகருவியை வண்டியின் பின்புறம் வைத்து நெடுங்கோலொன்றை அதனோடு இணைப்பது இன்னொரு முறை. பொத்தானை அழுத்திய சில நொடிகளில் எப்பட்டையிலும் மானி இணங்கிவிடும். ஆயின் பொருத்துகருவி கோலை நீளமாக்குவதில்லை. அதன் சிறு சுருள்களே இழப்பின் பெரும்பகுதியைத் தாங்குகின்றன. இராணுவ வண்டிகளிலும் பிறவற்றிலும் வேகமான மீடிறன் மாற்றம் இன்றியமையாதபோது இதனைக் கொள்வர். நமக்கு அவ்வவசரம் இல்லை.

எதனை வாங்கினும், வாங்கியபின் செய்யத்தக்க பணி உண்டு. அதுவே பெரும்பாலும் வகையைவிட மிகுந்த பயனைத் தருவது. சுருளை அடியிலிருந்து கோலின் நடுவுக்கு ஏற்றினாற் கதிர்வீசல் தடை ஏறத்தாழ இருமடங்காகும். சுருளும் பெரிதாகவேண்டும் என்பதாற் சுருளின் இழப்பும் ஏறும், நிலத்தடையோ ஏறாது. நமது உதாரணத்தில் 8 உவாற்று 12 ஆகும். உச்சியில் உலோகக் கம்பிகளாலான சிறு சக்கரம் வைத்தால் வேண்டிய சுருள் சிறுக்கும். அடியிலே நிலத்தடையைக் குறைத்தலோ பணச்செலவின்றி வருவது. வண்டியின் கதவு, முன்மூடி, புகைக்குழாய் முதலியன கீல்களாலும் இறப்பர்த் தாங்கிகளாலும் உடலிலிருந்து மின்முறையிற் பிரிந்து கிடக்கின்றன. பின்னிய செப்புப் பட்டிகளால் அவற்றை உடலோடு இணைத்தல் வேண்டும். காந்த அடித்தளம் 145 மெகாஹேர்ட்ஸுக்குப் போதும். 7 மெகாஹேர்ட்ஸுக்குப் போதாது, வர்ணத்தைச் சுரண்டி உலோகத்தோடு நேரே பூட்டுதலே தகும். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கடற்காற்று எட்டாத இடம் அரிது. செம்பும் இரும்பும் தொடுமிடத்தில் உப்பீரம் படிந்தாற் சில மாதங்களில் இணைப்பு அரிக்கப்படும். ஆகவே அம்மூட்டுகளைக் கிறீஸ் பூசி மூடி, மாரிக்கு முன்னும் பின்னும் கழற்றித் துலக்குதல் நன்று. கண்ணாடியிழைக் கூரையும் முச்சக்கர வண்டியின் துணிக்கூரையும் ஏரியலுக்கு இல்லாத கூரைகளே.

இவையெல்லாஞ் செய்து நிலத்தடை 5 ஓமுக்கு இறங்கி, சுருளும் 3 ஓமளவில் நன்கமைந்தால், அடியிற் சுருளுடைய நமது கோல் 7 மெகாஹேர்ட்ஸில் 14 உவாற்றை வீசும். மானியோ அப்போது ஐந்துக்கு ஒன்றுக்கும் மேலாகக் காட்டும். அஞ்சவேண்டியதில்லை. கோலின் அடியிலிருந்து உடலுக்குச் சிறு சுருளொன்றைப் பக்கமாக இணைத்துக் கோலை இம்மியளவு திருத்தினாற் பொருத்தம் 50 ஓமுக்கு வந்துவிடும். இழப்புப் பெரிதாகக் கூடாது. தீய ஏரியலும் நல்ல ஏரியலும் மானியில் ஒரே எண்ணைக் காட்டும் நிலை இவ்வாறு வருவதால், அவற்றைப் பிரித்தறிய வேறு சோதனை வேண்டும். வண்டியைத் திறந்த வெளியொன்றில் நிறுத்தி, சில பத்து மீற்றருக்கப்பால் அலைவலுமானியொன்றை அசையாது நாட்டி, ஏரியல்களை ஒரே இடத்தில், ஒரே வலுவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி அளத்தலே அது. பள்ளி ஆய்வுகூடத்திலுள்ள நுண்ணோட்டமானி, ஓர் இருவாயி, ஒரு முழக் கம்பி ஆகியன கொண்டு மேல்வகுப்பு மாணவர் அம்மானியை ஒரு பிற்பகலில் அமைத்துவிடலாம்.

வண்டியை நிறுத்திவைத்துப் பேசும் வேளைக்கு ஒன்று சொல்லவேண்டும். நிமிர்ந்து நிற்கும் கோல் தன் தலைக்கு நேர்மேலே அலையை வீசுவதில்லை. முன்னூறு கிலோமீற்றருக்குள் இருப்போருடன் 7 மெகாஹேர்ட்ஸிற் பேசுதற்கு வேண்டியதோ அம்மேனோக்கிய அலையே. ஆதலாற் கோலின் நுனியிற் காவலிட்ட நைலோன் கயிறு கட்டி, அதனை வண்டியின்மேல் வில்லாக வளைத்துப் பிணிப்பர். படைவண்டிகளில் இவ்வழக்கு நெடுங்காலமாக உண்டு. வளைத்தபின் பரிவு சிறிது நகர்ந்திருக்கும், சுருளைத் திருத்திக்கொள்க. பேசும்போது அதன் நுனியை எவரும் தொடாதிருக்கப் பார்த்துக்கொள்க: வலுக் குறைந்ததாயினும் நுனியில் எழும் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ற்றாகும்.